இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம்

ஷெல்லிக்கு ஆறு வயதாக இருந்தபோது, சமையலறைக் குளிர்பெட்டியும் கூடத்து மின்விசிறியும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று சொல்லி அழுதாள். கோல சிலாங்கூரில் அவர்கள் வீட்டில் அந்த இரண்டும் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மற்ற யாருக்கும் எந்தச் சண்டையும் கேட்கவில்லை. தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்திவந்த அம்மா அகதாவுக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கரண்டியால் தட்டைத் தட்டி, அதே ஒலியைப் பாடச் சொன்னார். பிள்ளை தவறாமல் பாடினாள். லோரியின் ஹாரன், கதவின் கிறீச்சொலி, வாளியில் விழும் மழை, எதைக் கேட்டாலும் அது எந்தச் சுரம் என்று அவளால் சொல்ல முடிந்தது. லோரி ஓட்டுநரான அப்பா பிரெட்ரிக் கிள்ளானிலிருந்து ஒரு பழைய பியானோவைத் தன் லோரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

இருபத்திரண்டு வயதில் ஷெல்லி கோலாலம்பூரில் ஓர் இசைக் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். மேடையில் வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் கற்பித்தல் பாடம் கட்டாயம். மூன்று பருவங்கள் வகுப்பு, அதன்பின் ஏதாவது ஒரு பள்ளியில் பன்னிரண்டு வாரம் பயிற்சி. அதைப் பிராக்டிகம் என்பார்கள். பாடத்தை நடத்திய ஆர்தர் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "மேடையில வாசிச்சுப் பிழைக்கிறவங்க உங்கள்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான். மத்தவங்க எல்லாரும் யார் வீட்டுப் பிள்ளைக்காவது சொல்லிக்குடுத்துத்தான் வாழப்போறீங்க. அத ஒழுங்கா செய்யக் கத்துக்குங்க."

மாதிரி வகுப்புகளில் சக மாணவர்கள் பத்து வயதுப் பிள்ளைகளைப் போல் உட்கார்ந்திருக்க, ஒருவர் மாற்றி ஒருவர் பாடம் நடத்துவார்கள். ஷெல்லி நடத்தியதும் ஆர்தர் எழுதிக்கொடுத்த குறிப்பில் ஒரே வரி இருந்தது: "நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகளைத் திருத்துகிறாய்." அவளுக்கு அது புரியவில்லை. தவறாகப் பாடினால் திருத்தாமல் என்ன செய்வது?

பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது ஈஜோக் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் செம்பனை. ஒரு காலத்தில் அங்கே செம்பனைக் குலைகளை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் ஆலை இருந்ததால், ஊரில் எல்லாரும் அதை மில்லுத் தோட்டம் என்றே சொன்னார்கள். ஆலை மூடிப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கூரை இற்றுப்போன அதன் கொட்டகை பள்ளித் திடலின் எல்லையிலிருந்து பார்த்தாலே தெரியும். தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் இன்னும் முப்பது வீடுகள் இருந்தன. பள்ளியில் மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் நாலாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்திருந்தார்கள். பதினேழு பேர். அதுதான் ஷெல்லியின் வகுப்பு.

வகுப்பாசிரியர் சுகுமாறன், வழுக்கைத் தலையும் சிரித்த முகமுமாக, அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். "ரொம்ப நல்ல பிள்ளைங்க, டீச்சர். சத்தமே போடமாட்டாங்க. நீங்க அதிர்ஷ்டசாலி லா."

உண்மைதான். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் கிள்ளவில்லை, பேசவில்லை. ஷெல்லி கொண்டுவந்திருந்த சிறிய மின்பியானோவில் ஒரு சுரத்தை வாசித்துக் காட்டி, அதிலிருந்து நாலு வரிப் பாட்டு ஒன்றைப் பாடினாள். பதினேழு பேரும் திருப்பிப் பாடினார்கள். குரல்கள் அவ்வளவு சுத்தமாகச் சேர்ந்து வந்ததில் அவளுக்கே வியப்பு. இரண்டு வரிவரை எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் வரியில் பாட்டு மெல்லச் சரிந்தது. நாலாம் வரியில் எல்லாரும் ஒரே சமயத்தில் வேறொரு சுரத்தில் போய் நின்றார்கள்.

மறுபடி பாடவைத்தாள். மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றார்கள். உயரமான சுரத்திலிருந்து தொடங்கினால் கீழே இறங்கினார்கள், தாழ்ந்த சுரத்திலிருந்து தொடங்கினால் மேலே ஏறினார்கள். எங்கிருந்து புறப்பட்டாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். அந்தச் சுரத்தைப் பியானோவில் தேடினாள். அது எந்தக் கட்டையிலும் இல்லை. ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை அடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவில், எந்த விரலும் தொட முடியாத இடத்தில் அது இருந்தது.

பிள்ளைகள் சுருதி விலகிப் பாடுவது புதிதல்ல. ஆனால் விலகுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கமாக விலகுவார்கள். பதினேழு பேரும் ஒரே அளவு விலகி, பியானோவில் இல்லாத ஒரே புள்ளியில் நிற்பதை அவள் கேட்டதில்லை.

கல்லூரியின் விதிப்படி ஒவ்வொரு பாடத்தையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு, ஆசிரியர் பேசிய நேரம் எவ்வளவு, பிள்ளைகள் பாடிய நேரம் எவ்வளவு என்று கணக்கெடுத்து, தான் எங்கே தவறினோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். பயிற்சிக்காலத்தில் கோல சிலாங்கூர் வீட்டிலேயே தங்கியிருந்த ஷெல்லி மத்தியானங்களில் தன் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள். தன் குரல் இவ்வளவு கறாராக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மூன்றாம் நாள் பதிவில் வேறொன்றும் காதில் விழுந்தது. தான் பேசும்போதும், பிள்ளைகள் எழுதும்போதும், யாருமே பேசாத இடங்களிலும், அடியில் ஒரு ரீங்காரம். அதே சுரம். நாற்பது நிமிடமும் ஒரு வினாடிகூட அறுபடவில்லை.

மின்விசிறி என்று நினைத்தாள். மறுநாள் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் வேர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பதிவில் ரீங்காரம் இருந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தாள். இருந்தது. பள்ளி விட்டபின் காலி அறையில் பத்து நிமிடம் பதிவு செய்தாள். பறவைகள், தூரத்தில் ஒரு டிராக்டர், அவ்வளவுதான். ரீங்காரம் இல்லை.

சுகுமாறனிடம் கேட்டபோது அவர் சிரித்தார். ஆனால் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எனக்கு எதுவும் கேக்கல டீச்சர். நான் கோல சிலாங்கூர்ல இருந்து வந்துபோற ஆளு. பழகிடும் லா."

ஆர்தருக்குப் போன் செய்தாள். "ரெக்கார்டர் கோளாறா இருக்கும், இல்ல பக்கத்துல ஜெனரேட்டர் இருக்கும். அதவிட்டுட்டு பிள்ளைங்க ஏன் சுருதியில நிக்கலங்கிறத கவனி" என்றார் அவர்.

இரண்டாம் வாரம் அவள் கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு ஏதோ எழுதக் கொடுத்துவிட்டு, பக்கச் சுவரோரமாகப் போய் நின்றாள். முன்வரிசையில் லோகேஸ்வரி என்ற பதினோரு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், ஒல்லியான கழுத்து. அந்தக் கழுத்து மிக லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. கை எழுதிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் லோகேஸ்வரி இடது முழங்கையால் பக்கத்துப் பையனை மெல்லத் தொட்டாள். அவன் தலை நிமிரவில்லை. ஆனால் அவன் தொண்டை அதிரத் தொடங்கியது. அவளுடையது நின்றது. அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு எழுத்தைத் தொடர்ந்தாள். இருபது வினாடி கழித்து அவன் பின்னால் சாய்ந்து அடுத்தவனைத் தொட்டான்.

ஷெல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். பதினேழு பிள்ளைகள் ஒரு சுரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் பார்க்காமல், கணக்குப் போட்டுக்கொண்டே, படம் வரைந்துகொண்டே.

இடைவேளையில் லோகேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வகுப்புல என்னம்மா பாடிக்கிட்டே இருக்கீங்க?"

பெண் மறைக்கவில்லை. "பாடல டீச்சர். பிடிச்சிருக்கோம்."

"எத?"

"சத்தத்த. பள்ளிக்கூட நேரத்துல எங்க வகுப்புதான் பிடிக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு மூச்சு பத்தாது. ஆறாம் ஆண்டு அண்ணனுங்களுக்கும் அக்காங்களுக்கும் படிப்பு இருக்கு."

"நிறுத்தினா என்ன ஆகும்?"

லோகேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். பயந்த பிள்ளையாகத் தெரியவில்லை. சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் போல் இருந்தாள். "தெரியாது டீச்சர். நாங்க நிறுத்தினதில்ல."

பள்ளிக் கேண்டீனை நடத்தியவர் நல்லம்மாள். ஐம்பது வயதிருக்கும். லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். ஷெல்லி அன்று பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்தாள். நல்லம்மாள் மீ கோரிங் நூடுல்ஸ் வறுத்த சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிள்ளைங்க பிடிக்கிற அந்தச் சத்தம் என்ன?"

நல்லம்மாள் குழாயை மூடினார். அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"வெளியாளுங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்." கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "மில்லு ஓடுறப்ப ராவும் பகலும் அந்தச் சத்தம் இருக்கும் டீச்சர். நாங்க எல்லாரும் அதுலதான் பொறந்தோம், அதுலதான் தூங்கினோம். நின்னா மட்டும்தான் கவனிப்போம். நடுவுல நின்னுச்சுன்னா மில்லுல யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். பொம்பளைங்க எல்லாம் போட்டது போட்டபடி ஓடுவோம். கடைசியா ஓடுனது என் வீட்டுக்காரருக்கு. செல்லையா. பாய்லர்ல நின்னாரு. அவரோட இன்னும் ரெண்டு பேரு."

ஷெல்லி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதோட மில்ல மூடிட்டாங்க. அப்புறம் சத்தமே இல்ல. யாருக்கும் தூக்கம் வரல. கைப்பிள்ளைங்க அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. எந்நேரமும் எங்கயோ யாருக்கோ என்னமோ ஆயிட்ட மாதிரியே இருந்துச்சு. ஓடறதுக்கும் எடமில்ல. அப்ப எதிர்வீட்டுப் பொண்ணு ஒருத்தி, பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, வாய மூடிக்கிட்டே அந்தச் சத்தத்தப் பிடிச்சா. அன்னிக்குத்தான் லயமே தூங்குச்சு. அவ ஓய்ஞ்சப்ப அடுத்த வீட்டுல நான் எடுத்தேன். அப்படியே போச்சு. எங்களுக்கு வயசாச்சு, மூச்சு நிக்கறதில்ல. பிள்ளைங்க எடுத்துக்கிட்டாங்க. நாங்க யாரும் சொல்லிக்குடுக்கல. தூக்கத்துலகூட வரும். ஒரு வீட்டுல நின்னா அடுத்த வீட்டுல எடுக்கும்."

"ஒரு தடவகூட நின்னதில்லையா?"

"ஒரு தடவ நின்னுச்சு. எல்லாரும் பஸ் எடுத்துக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம்." நல்லம்மாள் எழுந்து மறுபடி குழாயைத் திறந்தார். "அத மட்டும் கேக்காதீங்க டீச்சர்."

ஷெல்லி பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தாள். பாவம் என்றும் நினைத்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் ஒரு பெரிய நடைமுறைச் சிக்கல் இருந்தது. ஐந்தாம் வாரம் ஆர்தர் முதல் மேற்பார்வைக்கு வந்து, பிள்ளைகள் சுருதியை விட்டுச் சரிவதைக் கேட்டுவிட்டு, மிகக் குறைந்த புள்ளிகள் போட்டுவிட்டுப் போனார். இரண்டாம் மேற்பார்வை எட்டாம் வாரம். அதற்குள் பிள்ளைகளின் காதிலிருந்து அந்தச் சுரத்தை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அவள் தேற மாட்டாள்.

கற்பித்தல் வகுப்பில் படித்த ஒரு பயிற்சி அவளுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைகளை ஒரு நிமிடம் முழு அமைதியில் உட்காரவைக்க வேண்டும். அதன்பின் அவர்களுக்கு என்னென்ன கேட்டது என்று கேட்க வேண்டும். காது சுத்தமாகும், புதிய சுரத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். வாயை மூடினாலும் இவர்கள் நிறுத்தமாட்டார்கள். அதனால் அவள் பதினேழு காகிதக் குவளைகளில் தண்ணீர் கொண்டுபோனாள்.

அன்று காலை பத்து மணி. ஆர்தர் பின்வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மடியில் தாளை வைத்திருந்தார். ஒலிப்பதிவுக் கருவி ஷெல்லியின் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்தியாயிற்று.

"எல்லாரும் ஒரு வாய் தண்ணி எடுத்து அப்படியே வச்சுக்கணும். முழுங்கக் கூடாது. ஒரு நிமிஷம்."

யாரும் குவளையைத் தொடவில்லை. லோகேஸ்வரி கையைத் தூக்கினாள். "தண்ணி வச்சா பிடிக்க முடியாதே டீச்சர்."

"அதுக்குத்தான்மா. ஒரே ஒரு நிமிஷம். ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு பையனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர்கள் டீச்சர் சொன்னால் கேட்கும் பிள்ளைகள். ஒவ்வொருவராகத் தண்ணீரை வாயில் எடுத்தார்கள். கன்னங்கள் உப்பின. கடைசியாக லோகேஸ்வரி எடுத்தாள். அவளுடைய தொண்டை நின்றது.

ஷெல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் பத்து வினாடிகள் பதினேழு முகங்களும் வெளுத்திருந்தன. ஜன்னல் பக்கம் எல்லாருடைய கண்களும் போயின. ஆலைக் கொட்டகை இருந்த பக்கம். பிறகு என்னவோ நடந்தது. ஒவ்வொரு முகமாக அவள் பக்கம் திரும்பியது. பயம் வடிந்தது. தோள்கள் இறங்கின. மீதி நேரம் முழுவதும் பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டு, கன்னம் உப்ப, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் முடிந்தது. தண்ணீரை விழுங்கினார்கள். அதன்பின் அவள் கொடுத்த சுரத்தில் பாடினார்கள். நாலு வரியும் சரியாமல் நின்றது.

ஷெல்லிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே போனதும் ஆர்தரிடம் ஓடினாள். அவர் தாளை மூடி வைத்திருந்தார்.

"நல்லா வந்துச்சு, ஷெல்லி. பிள்ளைங்க உன்ன நம்புறாங்க, தெரியுது. ஒண்ணு மட்டும் புரியல."

"என்ன சார்?"

"அவங்கள அமைதியா இருக்கச் சொல்லிட்டு நீ ஏன் பாடின?"

"நான் பாடலயே சார்."

ஆர்தர் அவள் முகத்தைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கருவியை அவரே எடுத்து, பின்னால் ஓட்டி, ஒலிக்கவிட்டார். "ஒரே ஒரு நிமிஷம். ஒண்ணும் ஆகாது" என்று அவள் குரல் சொன்னது. குவளைகள் மேசையில் வைக்கப்படும் சத்தம். ஒரு நாற்காலி நகர்ந்தது. பத்து வினாடிகள் எதுவுமில்லை. அதன்பின் ரீங்காரம் தொடங்கியது. கருவிக்கு மிக அருகில், பிள்ளைக் குரலாக இல்லாமல், பெரிய பெண்ணின் குரலாக. வாயை மூடிக்கொண்டு பாடும் அவளுடைய குரல். இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சுரம், ஒரு மயிரிழைகூட விலகாமல்.

"இது நானில்ல" என்றாள் ஷெல்லி. சொல்லும்போதே தெரிந்தது, அது அவள்தான்.

வாசலில் லோகேஸ்வரி நின்றிருந்தாள். குவளைகளை எடுத்துப்போக வந்திருந்தாள். "நீங்க எடுத்துக்கிட்டீங்கல்ல டீச்சர், அதான் நாங்க அப்புறம் பயப்படல" என்றாள். குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நேராகக் கேட்டாள். அகதா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ரெண்டு மாசமா நீ அப்படித்தானே இருக்க. சாப்பிடறப்ப, துணி காயப்போடறப்ப, கார்ல வர்றப்ப. என்ன பாட்டும்மான்னு கேட்டா, நான் பாடலயேங்கிற. ஏதோ பரீட்சைக்குப் பழகுறேன்னு விட்டுட்டேன்."

ஷெல்லி பியானோவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். சுருதி தப்பியதுபோல் கேட்டது. அடுத்ததை அழுத்தினாள். அதுவும். மேலிருந்து கீழ்வரை எண்பத்தெட்டுக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்தாள். எல்லாமே கொஞ்சம் விலகியிருந்தன. அப்பா ரவாங்கிலிருந்து சுருதி சேர்ப்பவரைக் கூட்டிவந்தார். அவர் கருவியை வைத்து அளந்துவிட்டு, பியானோ சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வயதிலிருந்து அவளுக்கு இருந்த காது போய்விட்டிருந்தது. இப்போது எந்த ஒலியைக் கேட்டாலும் அதன் பெயர் மனதில் வரவில்லை. அந்த ஒரு சுரத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. நாலாம் நாள் ஆர்தரைக் கல்லூரியில் போய்ப் பார்த்தாள். பயிற்சியை விட்டுவிடுகிறேன் என்றாள். அவர் வாதாடவில்லை.

"விட்டா அடுத்த வருஷம் வேற பள்ளியில செய்யலாம். அது உன் இஷ்டம். நான் அந்தப் பதிவ இன்னொரு தடவ வீட்டுல கேட்டேன்." மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். "என் பொண்டாட்டி நிறுத்தச் சொல்லிட்டா. இன்னும் நாலு வாரந்தான் இருக்கு, ஷெல்லி. பிள்ளைங்க உன்னக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சுகுமாறன் சார் சொன்னாரு."

அவள் திரும்பிப் போனாள். ஏன் என்று அவளாலேயே சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பாதிப் பயம், பாதி அந்தப் பிள்ளைகளின் முகம். தனக்குக் கேட்கும் ஒரே ஒழுங்கான சுரம் அந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்பதும் ஒரு காரணம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

மின்பியானோவைக் காரிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தாள். "நீங்க எட்டுப் பேரும் பிடிங்க. நல்லா வாயத் தொறந்தே பிடிங்க, ஒளிக்க வேணாம். மத்தவங்க அதுமேல என்னோட பாடுங்க." பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எட்டுக் குரல்கள் அந்தச் சுரத்தைத் திறந்து பாடியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதன்மேல் ஒன்பது பிள்ளைகளின் பாட்டு எங்கும் சரியாமல் ஏறி நின்றது. நல்லம்மாள் கேண்டீனிலிருந்து வெளியே வந்து திடலில் நின்றார். சுகுமாறன் பக்கத்து அறையில் பாடத்தை நிறுத்திவிட்டார். மரத்திலிருந்த மைனாக்கள் ஒன்றுவிடாமல் பறந்து போய்விட்டன. அன்று முழுவதும் திரும்பவில்லை.

மூன்றாம் மேற்பார்வைக்கு ஆர்தர் வரவில்லை, வேறொரு விரிவுரையாளரை அனுப்பினார். அவர் இவ்வளவு கட்டுக்கோப்பான பிள்ளைக் குழுவைத் தான் கேட்டதில்லை என்று எழுதி, உயர்ந்த புள்ளிகள் போட்டார். திரும்பிப் போகும்போது தலைவலி என்றார். ஷெல்லி பயிற்சி அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். ரீங்காரம் பற்றிய நாலு பக்கத்தையும் எடுத்துவிடச் சொல்லித் துறையிலிருந்து கடிதம் வந்தது. எடுத்துவிட்டாள். கல்லூரியின் இறுதிக் கச்சேரியில் அவள் வாசிக்கவில்லை. மேடை ஆசை எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது ஷெல்லி சுங்கை பெசாரில், கடைவரிசையின் மாடியில் உள்ள ஓர் இசை நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். நெல்வயல்காரர், மீன்பிடிப்பவர், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல டீச்சர் என்று பெயர். பிள்ளை தவறாகப் பாடினால் உடனே திருத்துவதில்லை. அவன் எங்கே போய் நிற்கிறான் என்று முதலில் கேட்கிறாள். வகுப்பில் தான் பேசாத நேரங்களில் மட்டும் வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொள்வாள்.

சென்ற வருடம் மில்லுத் தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டார்கள். முப்பது குடும்பங்களும் ஆளுக்கொரு பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ஷெல்லி நிலையத்துக்குக் கீழே காரை நிறுத்தும்போது போன் வந்தது. லோகேஸ்வரி. அம்மாவின் போனிலிருந்து, பள்ளி வாசலில் நின்று பேசினாள்.

"டீச்சர், ஒரு உதவி. எட்டு மணிக்கு எங்களுக்குப் பரீட்சை. ஒன்பதரை வரைக்கும். எல்லாருக்கும் இன்னிக்கேதான். யாருமே பிடிக்க முடியாது. முன்ன மாதிரி பக்கத்துல ஆளில்லையே."

ஷெல்லி காரின் இன்ஜினை அணைத்தாள். "நான் தனி ஆளும்மா. மூச்சு வாங்கறப்ப விட்டுப்போயிடுமே."

"போகாது டீச்சர். நாங்களும் இப்ப தனியாத்தான பிடிக்கிறோம். நீங்க பாட்டுக்கு மூச்சு எடுத்துக்கலாம். அந்த நேரம் அது பிடிச்சுக்கும்."

"எது?"

"நீங்களே கேப்பீங்க. சரியா ஒன்பதரைக்கு நான் எடுத்துக்கறேன். போகணும் டீச்சர், மணி அடிச்சிட்டாங்க."

ஷெல்லி காரின் கண்ணாடிகளை ஏற்றினாள். எட்டு மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. வெளியே கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. எட்டு அடித்ததும் வாயை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைப் பிடித்தாள். அது தேட வேண்டிய தூரத்தில் இல்லை. நெஞ்சில் காற்று தீரும்வரை பிடித்தாள். தீர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

சுரம் நிற்கவில்லை. அவள் மூச்சு இழுத்த அந்த இரண்டு வினாடியும் அது காருக்குள், பின் இருக்கையின் பக்கமிருந்து, தாழ்ந்து, சீராகக் கேட்டது. பிள்ளைக் குரல் அல்ல. பெண் குரலும் அல்ல. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி தொடங்கியதும் அது அடங்கி அவளிடம் விட்டுக்கொடுத்தது.

அப்படியே ஒன்றரை மணி நேரம். இடையில் பக்கத்துக் கடை மலாய் அம்மா ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, உடம்புக்கு முடியவில்லையா என்று சைகையில் கேட்டார். ஷெல்லி தலையை ஆட்டி, சிரித்து, கையசைத்து அனுப்பினாள், வாயைத் திறக்கவில்லை. போகும்போது அந்த அம்மா பின் இருக்கைப் பக்கமும் ஒருமுறை குனிந்து, மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்குத் தொண்டை தானாக இளகியது. பாரம் கைமாறியது தெரிந்தது. ஷெல்லி தண்ணீர் குடித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், காரைப் பூட்டிவிட்டு மாடியேறினாள். முதல் மாணவி ஏற்கெனவே வந்து, பியானோ முன்னால் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.